இன்னொரு பேரையும் கூப்பிடுங்கள்

சுகுணா அக்கா, திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஈரத்தலையைக் காற்றில் காயவைத்துக்கொண்டு போவாயே, உன்னை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் வருகிறது. தலை துவட்டக்கூட நேரமில்லாமல் அப்படி என்ன உத்தியோகம் என்று அம்மா வாசலிலிருந்தே திட்டுவாள். நீ சிரித்துக்கொண்டே ஓடுவாய். நகரி பஸ் ஸ்டாண்டில் பஸ் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு நான் தறிக்குப் போவேன்.

எங்கள் வீட்டில் படித்தவள் அக்கா மட்டும்தான். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். நைனாவோடு பவர்லூம் ஓட்டுகிறேன். அதனால் இதில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா சித்தூரில் படித்து முடித்து, திருப்பதியில், பிளஸ் டூ மாதிரி இன்டர் சொல்லிக்கொடுக்கிற ஒரு காலேஜின் பெண்கள் ஹாஸ்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வேலைக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் உண்டு. எனக்கு முழுசாகச் சொல்ல வராது. நைனா கேட்டபோது, "பசங்க மனசு ஒடஞ்சு பூடாம பாத்துக்கிற வேல நைனா" என்றாள். "அதுக்குக்கூடவா சம்பளம் குடுக்கிறாங்க?" என்றார் நைனா. அவருக்கு இன்றைக்கும் அது ஆச்சரியம்தான்.

அவளுக்கு ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். ஆனால் அது ஆபீசுக்கு எதிரில் இருந்தது. யார் உள்ளே போகிறார்கள் என்று எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் யாரும் போகவில்லை. அக்காவே கூப்பிட்டு விசாரித்தாலும் பிள்ளைகள் தெலுங்கில் "பாகுன்னானு மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்களாம். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், நான்தான் நன்றாக இல்லை என்று அக்கா வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பாள்.

அவள் சிரிக்காமல் சொன்னது ஒரு பெண்ணைப் பற்றி மட்டும்தான். பவித்ரா. வரதய்யபாளையத்துப் பெண். வீட்டில் நம்மைப்போலத் தமிழ் பேசுகிறவள். அவள் அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். அப்பா இல்லை. அந்தப் பெண் மெஸ்ஸில் சரியாகச் சாப்பிடுவதில்லை, வகுப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மார்க்கும் இறங்கிவிட்டது. வார்டன் அவளை மாமா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அனுப்பினால் அந்தப் பெண் திரும்பி வரமாட்டாள், படிப்பு அதோடு முடிந்தது என்று அக்காவுக்குப் பயம்.

அந்தக் காலேஜில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்கள் வந்து பார்க்கலாம். விடிந்ததுமே கேட்டுக்கு வெளியே கேரியரும் பையுமாகக் கூட்டம் நிற்கும். வாட்ச்மேன் மைக்கில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கூப்பிடக் கூப்பிடப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். மரத்தடியில் பாயை விரித்து, பெற்ற பிள்ளைக்குப் பிசைந்து ஊட்டுவார்கள். பதினேழு வயசுப் பெண்கூட வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும். பேர் வராத பிள்ளைகள் மாடியில் இருப்பார்கள்.

அக்கா முதலில் ஒரு காரியம் செய்து கெட்ட பேர் வாங்கிக்கொண்டாள். பிரின்சிபாலிடம் கேட்டு பிரியாணி வரவழைத்து, பார்க்க ஆள் வராத பிள்ளைகள் எல்லாம் என் அறைக்கு வாருங்கள் என்று அதே மைக்கில் சொல்லிவிட்டாள். ஒரு பிள்ளையும் வரவில்லை. பவித்ரா பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கூட்டம் கலைந்த பிறகுதான் வெளியே வந்தாளாம். அன்றைக்கு ராத்திரி தறியெல்லாம் நின்ற பிறகு அக்கா என் பக்கத்தில் படுத்துக்கொண்டு அழுதாள். ஊரைக் கூட்டி, உங்களுக்கு யாருமில்லை என்று மைக்கில் சொல்லிவிட்டேனே என்றாள்.

பிறகு திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். "பவித்ராவுக்கு பிரியாணி தேவையில்லடி. மைக்குல அது பேரு வரணும். நீ வந்து கூப்புடு."

"நான் யாருன்னு சொல்றது?"

"சின்னம்மான்னு சொல்லு."

"எனக்கும் அதுக்கும் நாலு வயசு வித்தியாசம் இருக்குமா? சின்னம்மாவாம். வாட்ச்மேன் வெளக்கமாத்த எடுத்துகினு வருவான்."

அக்கா குவைத்துக்கு போன் போட்டு அந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கினாள். பிரின்சிபாலிடமும் அனுமதி வாங்கினாள். பவித்ராவிடமும் கேட்டாள், என் தங்கச்சி வந்தால் வெளியே வருவாயா என்று. அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு நான் இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். வாட்ச்மேன் என்ன உறவு என்று தெலுங்கில் கேட்டார். பின்னி என்றேன், தெலுங்கில் சின்னம்மாவுக்கு அப்படித்தான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மைக்கில் பவித்ராவைக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. அக்கா அறை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் கூப்பிட்டார். அப்புறம் மாடிப்படியில் ஒரு ஒல்லியான பெண், துப்பட்டாவைச் சரி செய்தபடி, எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இறங்கி வந்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

சுற்றிலும் கோழியும் பிரியாணியுமாக மணந்தது. எங்கள் கேரியரில் அம்மா வைத்தது கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும். எனக்கே வெட்கமாகிவிட்டது. பவித்ரா ஒரு வாய் எடுத்து மென்றாள். "அய்யே, களிய யாராச்சும் மென்னு துன்வாங்களா? முழுங்கணும்" என்றேன். அவள் முழுங்கப் பார்த்து, விக்கி, சிரித்துவிட்டாள். அக்கா பக்கத்தில் வரவே இல்லை. தூரத்தில் நின்று, யாரிடமோ பேசுகிற மாதிரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிக் களி முடிந்த பிறகுதான் பவித்ரா தமிழில் பேச ஆரம்பித்தாள். அவள் சொன்னதை நான் எழுதமாட்டேன். அக்காவிடம் போய்ச் சொல்லு, அவள் யாரிடமும் சொல்லமாட்டாள் என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் அவளாகவே அந்த அறைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு, மகளைப் பார்க்க வருகிற அம்மாக்களில் தனக்கு நன்றாகத் தெரிந்தவர்களிடம் அக்கா மெதுவாகக் கேட்பாள், இன்னொரு பேரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள் என்று. அதற்கு முன்னாலேயே அந்தப் பிள்ளையின் வீட்டில் கேட்டு அனுமதி வாங்கிவைப்பாள். கங்காதர நெல்லூரிலிருந்து வருகிற ஒரு அம்மா, ஒண்ணுக்குப் பிசையறதுல ரெண்டுக்குப் பிசையறேன், கையா தேஞ்சுபூடும் என்று உடனே ஒத்துக்கொண்டார். காலேஜில் இதற்கு ஒரு பேர் வைத்து போர்டு மாட்டலாம் என்றார்களாம். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். போர்டு மாட்டினால் அந்தப் பிள்ளைகள் மறுபடியும் மாடிக்குப் போய்விடுவார்கள் என்றாள்.

மழைக் காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஹாஸ்டலில் சில பிள்ளைகளுக்கும் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போனாள். திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரொம்ப முற்றிவிட்டது என்றார்கள். கண் திறக்கும்போதெல்லாம், "ஞாயித்துக்கெழம நீ போயிடு" என்றாள். நான் சரி சரி என்றேன். நாம் இரண்டு பேரும் போவோம் என்றேன். அவள் போய்விட்டாள்.

கருமாதிக்கு முன்னாலேயே அந்த ஞாயிறு வந்துவிட்டது. பவித்ரா மறுபடியும் மெஸ்ஸுக்குப் போகவில்லை என்று வார்டன் போன் செய்தார். மாமாவை வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. துக்க வீட்டிலிருந்து வெளியே போகக்கூடாது, சாவு விழுந்த வீட்டுச் சோற்றை அடுத்தவர் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அம்மாதான் சொன்னாள், "அவ சொல்லிட்டுப் போயிருக்கா. நீ போ. சோறு மட்டும் எடுத்துகினு போவாத."

வெறுங்கையோடு போனேன். வாட்ச்மேன் எதுவும் கேட்காமல் பேரைக் கூப்பிட்டார். ஒரே தடவைதான். பவித்ரா மெஸ் தட்டில் தயிர்ச்சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. எனக்குத் தீட்டு, என் கையால் உனக்கு எதுவும் கொடுக்கக்கூடாது என்று சொன்னேன்.

"உன் கையால வேணாம் சின்னம்மா. என் கையால நீ துன்னு" என்றாள்.

அக்கா போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. எனக்கு ஒரு வாய் ஊட்டினாள். நீயும் துன்னாத்தான் நான் துன்வேன் என்றேன். அவளும் ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். அழுதுகொண்டே இரண்டு பேரும் அந்தத் தட்டை முடித்தோம். வார்டன் வந்து பார்த்துவிட்டுப் போனார். மாமாவுக்கு போன் போடவில்லை. பவித்ரா அங்கேதான் படிக்கிறாள்.

இதைப் படிக்கிற உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். எங்கள் சுகுணா அக்காவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். கடைசியில் காய்ச்சலில் ரொம்பத் தவித்துவிட்டாள். போன இடத்திலாவது அவள் அசந்து தூங்கட்டும்.