அன்னம் தெரியுமளவு தரம்

கனடாவில் எங்கள் பெறாமகளுக்குக் கலியாணம். மனைவியின் தங்கையின் ஒரே மகள். எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. விண்ணப்பத்தில் என் வருமானத்தை உள்ளபடி எழுதியதுதான் காரணம் என்று மனைவி இன்றைக்கும் நம்புகிறாள். ஆகவே மண்டபத்திலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும் கலியாணத்தை, நெல்லியடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக் கணினியில் பார்ப்பது என்றும், பார்க்கும்போதே திரையில் ஓடுவதைப் பதிந்து வைப்பது என்றும் முடிவாயிற்று. பதியும் பொறுப்பு எனக்கு. கணினி தெரிந்தவன் என்று வீட்டில் எனக்கொரு பெயருண்டு. அதைப் பழுதாக்குபவன் நான் ஒருவனே என்பதால் வந்த பெயர்.

எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் பெண் முதலில் தன் வீட்டார் கொடுத்த சேலையோடு மணவறைக்கு வருவாள். பிறகு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கூறைச் சேலையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அதை உடுத்து வந்து தாலிக்குக் கழுத்தை நீட்டுவாள். பெண் வீட்டுச் சேலையின் ஆட்சி மிஞ்சினால் முக்கால் மணித்தியாலம். அந்தச் சேலையை நெல்லியடிக் கடையில் ஒரு பகல் முழுக்க நின்று தெரிந்தெடுத்து அனுப்பியவள் என் மனைவி. மாம்பழ நிறம், பச்சைக் கரை, கரை நெடுக நகத்தளவு அன்னங்கள். அவள் போக முடியாத கலியாணத்துக்கு அவளுக்குப் பதிலாகப் போனது அந்தச் சேலைதான்.

“எனக்கு அன்னம் தெரிய வேணும். வேறை ஒண்டும் வேண்டாம்” என்றாள்.

பதிவு மென்பொருளை இறக்கித் திறந்தேன். அமைப்புகள் என்ற இடத்தில் ஒரு பஞ்சாங்கமே இருந்தது. யூடியூப்பில் விளக்கம் சொன்னவர்கள் சோதிடர்களைப் போல ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் எல்லாவற்றிலும் பெரியதைத் தெரிந்தெடுத்தேன். ஆகப் பெரிய படஅளவு, செக்கனுக்கு அறுபது படங்கள். ஒரு கோயில் திருவிழா ஒளிபரப்பை வைத்துப் பரீட்சித்தபோது, கணினி தோட்டத்துக்கு இறைக்கிற மெஷின் மாதிரி இரைந்தது. பதிவில் நாதஸ்வரக்காரர் கன்னத்தை ஊதி முடித்து, துண்டால் முகம் துடைத்த பிறகுதான் சத்தம் வந்தது.

யோசித்துப் பார்த்தால், அங்கிருந்து வருவதே நடுத்தரப் படம். அதை நான் எத்தனை பெரிதாகப் பதிந்தாலும், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அளவை ஒளிபரப்பின் அளவுக்கே இறக்கினேன். அறுபது படத்தை முப்பதாக்கினேன். மணப்பெண் ஓடப்போவதில்லை, இது கிரிக்கெட்டும் இல்லை. ஆனால் பிட்ரேட் என்பதை மட்டும் நன்றாக ஏற்றி வைத்தேன். ஒவ்வொரு செக்கனுக்கும் எவ்வளவு விபரம் எழுதப்படலாம் என்று சொல்லும் எண் அது. வாய்க்கால் ஒடுங்கினால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகாது. பிட்ரேட் குறைந்தால் முதலில் சாகிறது கரையிலுள்ள அன்னம்.

எந்த வடிவத்தில் சேமிப்பது என்பதை மின்சாரமே தீர்த்து வைத்தது. எம்பி4 இல் பரீட்சித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. திரும்பி வந்தபோது கோப்பு இருந்தது, திறக்கவில்லை. எம்கேவி என்றால் அறுந்த இடம்வரையாவது மிஞ்சும் என்று அறிந்து அதற்கு மாறினேன். கடைசியாக ஒலி. திரையின் அடியில் இரண்டு பச்சைக் கோடுகள் துள்ளின. ஒன்று இடக் காதுக்கு, மற்றது வலக் காதுக்கு என்று விளங்கிக்கொண்டேன். ஒலிகளைத் தனித்தனித் தடத்தில் பதியலாம் என்று ஒரு பெட்டி இருந்தது. அது சங்கீதக்காரருக்கு என்று விட்டுவிட்டேன்.

அங்கே காலை, இங்கே பின்னேரம். பக்கத்து வீட்டு அக்காவும், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபரான அவருடைய கணவரும் வந்தார்கள். அக்கா பட்டுச்சேலையும் நகையும். அதிபர் வேட்டி, சால்வை. நாங்கள் அவர்களுக்குத் தெரிய மாட்டோம் என்று விளக்கினேன்.

“அதுக்காகக் கலியாண வீட்டுக்கு வெறுங்கழுத்தோடை வாறதே தம்பி?” என்றார் அக்கா.

மனைவி திரைக்கு முன்னால் குத்துவிளக்கும், அதற்குப் பக்கத்தில் முறுக்குத் தட்டும் வைத்தாள். நான் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். எல்லாம் சுகமாக நடந்தது. பெண் வந்து நின்றாள். கமராக்காரர் சீர்த்தட்டுகளையே சுற்றிச் சுற்றி எடுத்தார். ஒரே ஒரு தரம், கமராவைப் பெண்ணின் கைக்குக் கிட்டக் கொண்டுபோனபோது, கரை திரை முழுக்க விரிந்தது. மனைவி எழும்பி நின்றுவிட்டாள். கெட்டிமேளத்துக்கு அக்கா திரைக்கு அரிசி தூவினார். இன்றைக்கும் என் விசைப்பலகையில் சில எழுத்துகள் நெறுநெறுக்கின்றன.

அடுத்த நாள் மனைவியின் தங்கை தொலைபேசியில் எடுத்தாள். அவர்களுடைய வீடியோக்காரர் படத்தைத் தரப் பல மாதம் செல்லுமாம். அத்தான் உயர்ந்த தரத்தில் பதிகிறார் என்று என் மனைவி முன்னமே சொல்லியிருந்தாளாம், அதை அனுப்பட்டாம். சம்பந்தி வீட்டாரை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறது, எல்லாரும் இருந்து பார்க்கலாம். மனைவி உடனே ஓம் என்றுவிட்டாள். அதற்குப் பிறகுதான் நாங்கள் பதிவைப் போட்டுப் பார்த்தோம்.

படம் கண்ணாடி. ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கியதும் யாரோ முறுக்குக் கடித்தார்கள்.

அந்தப் பச்சைக் கோடுகள் காதுகளுக்கானவை அல்ல. ஒன்று கனடா, மற்றது நெல்லியடி. திரையின் தலையில் குந்தியிருந்த கமராவுக்குள் ஓர் ஒலிவாங்கி இருந்ததை நான் மறந்துபோனேன். இரண்டும் ஒரே தடத்தில், பாலும் தண்ணீரும் போலக் கலந்திருந்தன. பிரிக்க வல்லது அன்னம்தான் என்பார்கள். எங்கள் அன்னங்கள் கரையில் இருந்தன.

சம்பந்தியார் வரும்போது அதிபரின் குரல்: “கோட்டுக்கு மேலை சால்வை போட்டிருக்கிறார். குளிருதோ, இல்லாட்டி எதைப் போடுறதெண்டு முடிவெடுக்கேல்லையோ?”

பெண் கூறை மாற்றி வரும்போது அக்கா: “உது கூறையோ, மேசைவிரிப்போ?”

உடனே என் மனைவி, ஐயருக்கும் மேலான தெளிவோடு: “கரையைப் பாருங்கோ அக்கா. அவையின்ரை ஊரிலை நூலுக்குப் பஞ்சம் போலை.”

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். அனுப்பாவிட்டால் தங்கைக்குக் கோபம். அனுப்பினால் சம்பந்தி வீட்டோடு பகை, அதுவும் கலியாணமாகி ஒரு கிழமைக்குள். ஒலியை முழுதாக நிறுத்தினால் நாதஸ்வரமும் தாலி மந்திரமும் போய்விடும்.

“உங்கடை கண்டறியாத தரம்” என்றாள்.

கடைசியில் சம்பந்தியாரின் சால்வையையும், கூறை வந்த நாலு நிமிடத்தையும் வெட்டினேன். முறுக்கை ஒன்றும் செய்ய முடியவில்லை. அனுப்பிவிட்டு இரண்டு நாள் தொலைபேசிச் சத்தத்துக்கே திடுக்கிட்டோம்.

மூன்றாம் நாள் தங்கை எடுத்தாள். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள், அடி விழுந்தால் இருவருக்கும் விழட்டும் என்று.

“அக்கா, ‘அந்தா அன்னம், அந்தா அன்னம்’ எண்டு நீங்கள் சொன்ன இடத்திலை நிப்பாட்டிப் பாத்தன். அண்டைக்கு ஓடித் திரிஞ்சதிலை நான் அந்தக் கரையை வடிவாக் காணவே இல்லை.”

மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் அங்கே போயிருக்கும்.

“சம்பந்தி வீட்டாரும் பாத்தவையோ?” என்று நான் மெல்லக் கேட்டேன்.

“பாத்தவை அத்தான். முறுக்கு ஆர் சுட்டதெண்டு கேட்டவை. கூறை மாத்தி வாற இடம் காணேல்லை. வெட்டினீங்களோ?”

கரண்ட் போயிருக்கும் என்றேன்.

“பொய் சொல்லாதேங்கோ. அவை தங்கடை வீட்டுக்குப் போயிட்டினம். வெட்டினதையும் அனுப்புங்கோ. எனக்கும் உந்தக் கூறை பிடிக்கேல்லை.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அனுப்புங்கோவன். தரம் குறையாமல் அனுப்புங்கோ.”