பாம் ஷெல்டரில் ஓடிய கணினி

பிள்ளைகளே, இது நான் செய்த தப்பு.

கிரிப்டோ என்ற இணையக் காசு சம்பாதிக்க, வீட்டுக் கணினியை நாள் முழுக்க ஓடவிட்டேன். இரைச்சல் கேட்காமலிருக்க, அதைப் பாம் ஷெல்டருக்குள், அதாவது குண்டுவீச்சில் ஒளிந்துகொள்ள வீட்டோடு கட்டித் தந்த இரும்புக் கதவு போட்ட சிறிய அறைக்குள், வைத்தேன். பிராசசரின் வேகத்தைக் கூட்டினேன். சூடு மீறினால் தானாக நிற்கும் ஏற்பாட்டையும் எடுத்துவிட்டேன்.

"அப்பா, ரொம்ப கொதிக்குது, பயமா இருக்குலா," என்றாள் மகள்.

"செட்டிங் எல்லாம் அப்பாவுக்குத் தெரியும். நீ போய்ப் படி."

கணினி எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று வேலையிடத்திலிருந்து கைபேசியில் பார்ப்பேன். தினமும் பிற்பகலில் சூடு இறங்கிவிடும். என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து, வேகத்தை இன்னும் கூட்டினேன்.

அவள் பள்ளி முகாமுக்குப் போன சனிக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். பிற்பகலாகியும் சூடு இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இரும்புக் கதவைத் திறந்தேன். புகை முகத்தில் அடித்தது. பக்கத்திலிருந்த பழைய செய்தித்தாள் கட்டு ஓரம் கருகியிருந்தது.

அந்தக் கட்டை வெளியே இழுத்துப் போட்டபோது, முகாமிலிருந்து மகள் கைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, கதவைத் திறந்து என் ஃபேனை அங்க வச்சீங்களா? ஸ்கூல் விட்டு வந்ததும் தினமும் நான்தான் வைப்பேன். சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

வியர்வையில் நனைந்த அவளுடைய நோட்டுக்காக முந்தைய நாள்தான் திட்டியிருந்தேன்.

இப்போதெல்லாம் அவள் பயமாக இருக்கிறது என்றால், பதில் சொல்லும் முன் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.