தீவு மடத்துக்குக் கல்வெட்டு அடித்தவர்

ரொம்மன், ஒஸ்லோ.
2025ஆம் ஆண்டு யூன் மாதம் 3ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.20 மணி.

நினைவு மலரைத் தொகுக்கும் அன்பர்களுக்கும், அமரர் கந்தையா அருளம்பலம் அவர்களை அறிந்த அனைவருக்கும்.

1. செய்தி வந்த விதம்

மே மாதம் 17ஆம் திகதி, சனிக்கிழமை, காலை எட்டரை மணிக்குச் செய்தி வந்தது. நோர்வேயின் தேசிய நாள். எங்கள் தொடர்மாடிக்குக் கீழே பள்ளிப் பிள்ளைகளின் வாத்தியக் குழு ஊர்வலத்துக்கு அணிவகுத்துக்கொண்டிருந்தது. தொலைபேசியை ஒரு காதிலும் விரலை மற்றக் காதிலும் வைத்துக்கொண்டுதான் என்னால் கேட்க முடிந்தது. பேசியவர், நாங்கள் அம்பலத்தார் என்றழைக்கும் அருளம்பலத்தின் தங்கை மகள் சாம்பவி. "மாமா நித்திரையிலேயே போயிட்டார், மாஸ்டர் அங்கிள்," என்றார். மேளமும் எக்காளமும் கடந்து போகும்வரை இருவரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. மருத்துவரின் பத்திரத்தில் 16ஆம் திகதி என்றிருப்பதால் மலரிலும் அதையே இடுக. சிலர் 17 என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அது செய்தி வந்த நாள்.

முப்பத்தோராம் நாளான யூன் 15 அன்று வெளியாகும் மலருக்காக என்னிடம் இரண்டு பணிகளைத் தந்திருந்தீர்கள். ஒன்று இக்கட்டுரை. மற்றது, வம்சாவளிப் படத்தைச் சரிபார்த்துத் தருவது. படத்தில் உள்ள சிக்கலை அறிவீர்கள். அம்பலத்தார் மணம் செய்யாதவர். அவர் பெயருக்குக் கீழே கோடு எதுவும் வரக்கூடாது என்று ரொறன்ரோவிலிருக்கும் அவருடைய தமையனார் சொல்கிறார். மூன்று வயது முதல் அவரிடம் வளர்ந்த சாம்பவிக்கு அந்த வெற்றிடத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தீர்ப்பை என்னிடம் விட்டிருக்கிறீர்கள். அதை இறுதியில் தருகிறேன். ஆனால் அந்த இடத்துக்குத் தீவு மடத்தின் வழியாகத்தான் என்னால் வந்து சேர முடியும். படகு சற்று மெதுவாகப் போகும், பொறுத்தருள்க.

2. மடம்

ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாளில் அச்சிட்டு வழங்கும் நினைவுப் புத்தகத்தை யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்போம். ஒஸ்லோவில் நம்மவர் பலருடைய கல்வெட்டுகளை ரொம்சோஸ் பகுதியிலிருந்த தம் வீட்டின் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பக்கம் பக்கமாக அமைத்தவர் அம்பலத்தார். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் அந்தப் பொறுப்பு தானாகவே அவரிடம் போய்ச் சேர்ந்தது. முகப்பில் படம், பின் தேவாரம், பின் வாழ்க்கைக் குறிப்பு, கடைசிப் பக்கத்தில் வம்சாவளி. கடைசிப் பக்கத்தைத்தான் அவர் முதலில் செய்வார். "ஆள் எங்கை நிக்கிறார் எண்டு தெரியாமல் அவரைப் பற்றி என்னத்தை எழுதுறது?" என்பார்.

2009 யூலை 5, ஞாயிற்றுக்கிழமை, அத்தகைய அச்சுப்படி ஒன்றைத் திருத்துவதற்கு அமைதியான இடம் தேடி, நகரசபைத் துறையிலிருந்து ஹூவெடோயா தீவுக்குப் படகேறினோம். துறையிலிருந்து சில நிமிடப் பயணம். தீவின் நடுவே, புல்லுக்குள் பாதி அமிழ்ந்த சாம்பல் நிறச் சுவர்கள். பெனடிக்ட் முனிவரின் ஒழுங்குவிதியைத் தளர்வின்றிக் கைக்கொள்ள வேண்டும் என்று பிரிந்து வந்த வெள்ளை அங்கித் துறவிகள் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்து, 1147ஆம் ஆண்டு மே 18 அன்று தொடங்கிய மடம் அது. 1532இல் மடத்தைக் கொள்ளையிட்டு எரித்தார்கள், மடாதிபதியைச் சிறைபிடித்தார்கள். கற்கள் எதிர்க்கரையிலுள்ள கோட்டைக்குப் போயின. இவ்வளவையும் அறிவிப்புப் பலகையில் நான் வாசித்துச் சொல்ல, அவர் சுவரில் கைவைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், இவ்வளவு பேர் செத்திருக்கினம். ஆர் இவையளுக்குக் கல்வெட்டு அடிச்சது?"

துறவிகளுக்குப் பிள்ளைகள் இல்லை, அச்சிட யார் இருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப நான் அடிக்கிறன்."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். திரும்பும் படகில் கோட்டைச் சுவரில் மாலை வெயில் பட்டபோது, "மடம் எரிஞ்சு போகேல்லை. அங்கால போய் நிக்குது," என்றார். அது வேடிக்கையல்ல என்று அப்பொழுதே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு முதல், மடத்தின் தொடக்க நாளில் தீவுக்குப் போவது வழக்கமாயிற்று. ஆதீனங்களில் குருபூசை நடப்பது போல் வைத்துக்கொள்வோம் என்றார். இங்கே ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. மே 18 என்பது பழைய நாட்காட்டியின்படி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதற்கும் இன்றைய நாட்காட்டிக்கும் ஏழு நாள் இடைவெளி உண்டு. ஆகவே உண்மையான நாள் மே 25 என்று சான்றுகளுடன் எடுத்துரைத்தேன். அம்பலத்தார் முழுவதையும் கேட்டுவிட்டு, "கல்லுக்குக் கலண்டர் தெரியாது, மாஸ்டர். ரெண்டு தரம் போவம்," என்றார். அவ்வாறே ஒவ்வோர் ஆண்டும் இரண்டு தரம் போனோம். பதினெட்டு அவருடையது, இருபத்தைந்து என்னுடையது.

போனால் முதலில் சாப்பாடு. துறவிகள் பேசாமல் உண்பார்கள், அப்போது ஒருவர் மட்டும் உரக்க வாசிப்பார் என்று எங்கோ படித்திருந்தார். "சட்டம் அதுதான். நீங்கள் வாசியுங்கோ, நான் சாப்பிடுறன்," என்று பிட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு அமர்ந்துவிடுவார். நான் வாசித்தவை எல்லாம் அவர் அப்போது திருத்திக்கொண்டிருந்த கல்வெட்டுகள். ஹவுகன்ஸ்டுவாவில் மறைந்த ஒருவருடைய பிறப்பும் படிப்பும் பெயர்த்தி பெயரும், கூரையில்லாத அந்த மடத்துக் கோயிலில் நோர்வேஜிய வானத்தை நோக்கிப் போகும். எழுத்துப் பிழை கேட்டால் மட்டும் ஒரு விரலை உயர்த்துவார். என் பங்குப் பிட்டு எப்போதும் ஆறிப் போயிருக்கும்.

பின்பு மடாதிபதிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வார். நூலகங்களில் தேடிச் சேர்த்தவை. சிலருடைய பெயர் ஏதோ ஒரு சாசனத்தில் ஒரேயொரு முறை தோன்றிவிட்டு மறைந்துவிடுகிறது. சில காலப்பகுதிகளுக்குப் பெயரே இல்லை. அந்த இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்தி ஒரு மூச்சு எடுத்துவிடுவார். பிறகு அடுத்த பெயர். ஆதாரமில்லாத ஒருவருக்கு எதற்கு மூச்சு என்று கேட்டபோது, "பேர்தானே தெரியாது. ஆள் இருந்தது தெரியுமே," என்றார்.

அவர் கண்ட கனவொன்றும் நினைவுக்கு வருகிறது. (எந்தத் திகதி என்று கேட்டேன், கனவுக்குத் திகதி வைப்பதில்லை என்றுவிட்டார்.) ரொம்சோஸ் வீட்டு வரவேற்பறை முழுவதும் வெள்ளை அங்கிகள். சோபாவில், சன்னலோரத்தில், வெளியே மாடிப்படியில்கூட. எல்லோரும் தங்கள் பெயரைக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறார்கள். ஒருவருடைய முறை வந்தபோது கணினித் திரையில் பெயரில்லை. அந்தத் துறவி கோபிக்கவில்லை. எழுந்து தன் கதிரையை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தார். "கோப்பையைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டுப் போறார், மாஸ்டர். எங்கடை வீட்டு ஆள் மாதிரி."

மடத்துக்கான படத்தை முதன்முதலில் அவர் கீறியபோது நேர்ந்த தவறு, கல்வெட்டு அடிப்பவருக்கு மட்டுமே நேரக்கூடியது. கை பழகிய பழக்கத்தில், தகப்பனிலிருந்து மகனுக்கு இறங்கும் நேர்கோட்டையே ஒரு மடாதிபதியிலிருந்து அடுத்தவருக்கும் இறக்கிவிட்டார். தீவில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டும் நோர்வேஜியப் பெண்மணி ஒருவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை நூற்றாண்டும் தகப்பனும் மகனுமாகவா மடத்தை நடத்தினார்கள் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அம்பலத்தார் படகு கரை சேரும்வரை சிரித்தார். "மடத்துக்கே பிள்ளை பெத்துக் குடுத்திட்டன்," என்றார்.

அதைத் தீர்த்து வைத்தவர் சேதுராமன். கும்பகோணத்துக்காரர், இங்கு ஆராய்ச்சிக்கு வந்தவர். எங்கள் பேச்சைப் படகில் ஒட்டுக் கேட்டு நண்பரானவர். ஒரு மே 18 அன்று எங்களுடன் புல்லில் அமர்ந்து படத்தைப் பார்த்தார்.

"எங்க ஊர் ஆதீனத்துலயும் இதே கதைதான் சார். பெரியவர் தனக்கப்புறம் யாருன்னு சின்னவரைக் கைகாட்டிடுவாரு. ரத்த சம்பந்தம் கிடையாது. ஆனா பரம்பரைன்னுதான் சொல்லுவோம்."

"இஞ்சை மற்றத் துறவியள் கூடித் தெரிவு செய்யிறவை, தம்பி," என்றார் அம்பலத்தார்.

"யார் தேர்ந்தெடுத்தா என்ன சார், கை மாறுதுல்ல?"

அம்பலத்தார் படத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். அடுத்த ஞாயிறு, என்னுடைய நாளில், புதிய படத்துடன் வந்தார். நேர்கோடுகள் எல்லாம் போய்ப் புள்ளிக்கோடுகள் வந்திருந்தன. பெயரில்லாதவர்களுக்கு வெறும் பெட்டி. "பெத்தவைக்கு நேர்கோடு, கை குடுத்தவைக்குப் புள்ளிக்கோடு. இனி எல்லாக் கல்வெட்டிலும் இதுதான்," என்றார். இந்த வாக்கியத்தை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

3. இரண்டு ஞாயிறுகள்

இவ்வாண்டு மே 18, ஞாயிற்றுக்கிழமை, நான் தனியாகப் போனேன். போகாமலிருக்க முடியவில்லை. கடலில் மூடுபனி. படகின் முன்பக்கமே தெரியாததால், நாங்கள் நகர்கிறோமா தீவு எங்களை நோக்கி வருகிறதா என்று விளங்கவில்லை. சுவர்களுக்கிடையில் பனி நின்ற உயரம் மனித உயரம். வெள்ளை வெள்ளையாக அது அசைந்து வழிவிட்டது. படத்தை எடுத்துப் பெயர்களை வாசித்தேன். பெயரில்லாத இடத்தில் என்னையறியாமல் மூச்சு நின்று, பிறகு வந்தது. சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள். பார்க்கப் போகவில்லை.

மே 25 அன்று சாம்பவி தானும் வருவதாகச் சொன்னார். மாமாவின் சாப்பாட்டுப் பெட்டியில் பிட்டும், கைப்பையில் தமையனார் அனுப்பிய வாழ்க்கைக் குறிப்பும் இருந்தன. வெயில் ஏறி, புல் காய்ந்திருந்தது. "சட்டப்படி ஒராள் வாசிக்கோணும், என்ன? இண்டைக்கு நான் வாசிக்கிறன். நீங்கள் சூட்டோட சாப்பிடுங்கோ," என்றார். வாசித்தார். பிறப்பு, படிப்பு, அச்சகம், 1987இல் நோர்வே. 'மணமாகாதவர், சந்ததி இல்லை' என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். நான் விரலை உயர்த்தவில்லை. ஆனால் உண்பதை நிறுத்தினேன்.

"பெரிய மாமா ரெலிபோனிலை கதைச்சவர். கோட்டை இவரோட நிப்பாட்டச் சொல்லுறார். நான் அம்மாவுக்குக் கீழை இருக்கிறன்தானே, அது காணுமாம், வேறை கோடு தேவையில்லையாம்."

அவர் சொல்வது முறைப்படி சரி என்றேன்.

"ஓம், சரிதான். அம்மா இரவு வேலைக்குப் போகேக்கை என்னை இவரிட்டைத்தான் விட்டிட்டுப் போறவ. அப்பா வரவே இல்லை. ஸ்கூலிலை குடும்ப மரம் கீறிக்கொண்டு வரச் சொன்னவை. நான் எனக்கு மேலை மாமாவைக் கீறினனான். ரீச்சர் அழிச்சிட்டுத் திருப்பிக் கீறச் சொன்னவ. இவர் வந்து ரீச்சரோட சண்டை பிடிச்சவர், தெரியுமே? பிறகு வீட்டை வந்து, 'அவ சொன்னதும் சரிதான், கோடுதான் பிழை' எண்டவர். எனக்கு அப்ப விளங்கேல்லை."

எனக்கும் அதுவரை விளங்கவில்லை. மடத்தின் படத்தை எடுத்து அவருக்கு முன் விரித்தேன். புள்ளிக்கோடுகளை அவர் விரலால் தொட்டுத் தொட்டு இறங்கி வந்தார். வெறும் பெட்டியில் விரல் சற்று நின்றது. ஏன் நேர்கோடு இல்லை என்று கேட்டார். அவருடைய மாமா சொன்ன அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன்.

"அப்ப கீறுங்கோ, அங்கிள்," என்றார்.

வம்சாவளிப் படத்தையும் பென்சிலையும் எடுத்தேன். எந்தக் கோட்டுக்கும் அருகில் ஆண்டும் மாதமும் இடுவது என் வழக்கம். அவர் முதன்முதலில் மாமாவிடம் வந்த திகதி என்னவென்று கேட்டேன்.

"தெரியாது. அம்மாவையும் கேட்கேலாது இப்ப. கதவு திறந்தது ஞாபகம். அவரின்ரை கையெல்லாம் பிட்டு மா. கையைத் துடைக்காமலே என்னைத் தூக்கினவர். அவ்வளவுதான்."

ஓர் ஆண்டாவது தோராயமாக இடலாமா என்று யோசித்தேன். இடவில்லை.

தமையனாருக்கு நேற்று, யூன் 2 மாலை, தொலைபேசியில் விளக்கினேன். "தம்பி அப்பிடிச் சொன்னவனோ?" என்று ஒரு தரம் கேட்டார். ஓம் என்றேன். "அப்ப சரி. அவன்தானே இதெல்லாம் செய்யிறவன்," என்றார்.

அம்பலத்தாரிடமிருந்து உங்களுக்கென்று எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். புத்தகங்கள் சாம்பவிக்கு. கணினி கோயில் மன்றத்துக்கு. நான் எடுத்துக்கொண்டது பதினெட்டாம் திகதியை. அது பிழையான நாள் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. இருப்பினும் என் இருபத்தைந்துடன் சேர்த்து, என்னால் படகேற முடியும்வரை அதையும் நானே வைத்துக்கொள்வேன்.

இங்ஙனம்,
உங்கள் மாஸ்டர்.

இத்துடன் இணைக்கப்பட்டுள்ளவை:

(அ) அமரரின் புகைப்படம், ஒன்று. தீவு மடத்தின் சுவரில் கைவைத்து நிற்பது. பின்புலத்தில் படகு தெரியும். அதை வெட்ட வேண்டாம்.

(ஆ) திருத்திய வாழ்க்கைக் குறிப்பு. 'சந்ததி இல்லை' என்ற தொடர் நீக்கப்பட்டுள்ளது.

(இ) ஹூவெடோயா மடத்து மடாதிபதிகளின் வரிசைப் படம், அமரர் அமைத்தவாறே. மலரின் கடைசிக்கு முந்திய பக்கத்தில் இடுக. வெறும் பெட்டிகளை நிரப்ப வேண்டாம்.

(ஈ) வம்சாவளிப் படம், கடைசிப் பக்கத்துக்கு. அமரரின் பெயரிலிருந்து சாம்பவியின் பெயருக்கு ஒரு புள்ளிக்கோடு இறங்குகிறது. அச்சகத்தார் அதைப் பிழையென்று கருதி அழித்துவிட வேண்டாம். அதன் அருகில் திகதி இல்லை. அது விடுபட்டதன்று.