முருகன் மனைவி வள்ளித்தாய்

தனக்கு ஒரு நாள் பாஸ்போர்ட் தேவைப்படும் என்று வள்ளித்தாய் கனவிலும் நினைத்ததில்லை. ராயகிரியில் பிறந்து, மேலகரத்தில் வாக்கப்பட்டு, ஐம்பத்திரண்டு வயது வரை தையல் மெஷினே கதி என்று இருந்தவள். சாரல் விழுந்தால் ஊர் உலகமெல்லாம் அவள் வாசலைத் தாண்டித்தான் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும். அவள் அருவியில் தலை நனைத்தே ஆறு வருஷம் ஆகிறது. அப்படிப்பட்டவள் துபாய்க்குப் போக வேண்டியதாயிற்று.

மகள் உமாராணிக்கு அங்கே ஏழாவது மாதம், தலைப்பிரசவம். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகனுக்கு லீவு கிடையாது. மகள் பேறுகாலத்தில் தாய் பக்கத்தில் இல்லாவிட்டால் அப்புறம் என்ன தாய் என்று வள்ளித்தாய் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டாள். விசாரணைக்குக் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

வீட்டுக்காரர் கூடவே வந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல், ஸ்டேஷனே தன்னுடையது போல உட்கார்ந்தார். சப்-இன்ஸ்பெக்டர் பேச்சிமுத்து சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். கம்ப்யூட்டரைப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"அக்கா, கூடங்குளம் உலைய எதுத்து நடந்த போராட்டத்துல ஒரு கேஸ் இன்னும் முடியாமக் கெடக்கு. நாப்பத்தோரு பொம்பளைங்க. அதுல ஒரு பேரு, வள்ளித்தாய், கணவர் முருகன், மேலகரம்னு இருக்கு. உங்க பாரத்துல வீட்டுக்காரர் பேரு வேற மாதிரில்லா இருக்கு?"

"அது வேற யாரோ, சார்," என்றார் வீட்டுக்காரர், கேள்வி முடியுமுன்னே.

"அப்ப வேலை சுலபம்." பேச்சிமுத்து ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "அது நான் இல்லைன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கக்கா. இன்னைக்கே அனுப்பிருதேன்."

பேனாவைக் கையில் வாங்கிய வள்ளித்தாய் எழுதவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அங்கே போனது போராட அல்ல, தங்கை பிள்ளையின் காதுகுத்துக்கு. தங்கை முத்துவடிவை உலைக்குப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. பந்தியில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். "பந்தல்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவோம்க்கா" என்று தங்கை இழுத்துக்கொண்டு போனாள். பந்தல் முழுக்கப் பெண்கள். உண்ணாவிரதம் இருந்தவர்களின் மடியில் பீடித்தட்டு. வயிறு காய்ந்தாலும் கை சுற்றிக்கொண்டிருந்தது. மீன் விற்கிற ஒரு பெண் மைக்கைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "உலையில கசிவு வந்தா நாங்க எத்தன கிலோமீட்டர் ஓடணும்? எந்தப் பஸ்ஸுல ஓடணும்? அத மட்டும் சொல்லுங்க."

நியாயமான கேள்வி. அளவு எடுக்காமல் துணியில் கத்திரி வைக்காதவள் வள்ளித்தாய். இத்தனை பெரிய காரியத்துக்கு இந்தச் சின்ன அளவைக் கூடவா எடுக்கவில்லை என்று அவளுக்குக் கோபம் வந்தது. அதன் பிறகு ஒரு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் போனாள். வீட்டுக்காரர் அப்போது ஜம்முவில் இருந்தார். போனில் கேட்டால் தங்கை வீட்டில் இருக்கிறேன் என்பாள். அது பொய்யும் இல்லை.

ஒரு நாள் போலீஸ் படை வந்தது. பெண்கள் ஆண்களைப் பின்னால் தள்ளிவிட்டு, கையோடு கை கோத்து மண்ணில் உட்கார்ந்தார்கள். கல்லை எடுத்த ஒருத்தன் கையை மூன்று பெண்கள் விரித்து, அந்தக் கல்லைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார்கள். அவ்வளவு கட்டுப்பாடு. அப்படியும் கேஸ் எழுதினார்கள். வேகாத வெயிலில் ஒரு ஏட்டையா ஒவ்வொருத்தியாகப் பெயர் கேட்டு வந்தார்.

"புருஷன் பேரு?"

வள்ளித்தாய் வீட்டு வழக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. பாரத்தில் எழுதுவார்கள், சொல்லமாட்டார்கள். லத்தி சுற்றி நின்ற அந்த நேரத்திலும் அவளுக்கு நாக்கு எழவில்லை. "செந்தூர்ச் சாமி கையில இருக்கும்லா, அதுலேருந்துதான் அவுக பேரு ஆரம்பிக்கும்," என்றாள். விடுகதை அவிழ்க்கிற பொறுமை ஏட்டையாவுக்கு இல்லை. முருகன் என்று எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். பக்கத்தில் இருந்தவர்கள் அந்த நிலையிலும் சிரித்தார்கள்.

ஸ்டேஷனில் பேனாவோடு உட்கார்ந்திருந்தவளின் காதருகே வீட்டுக்காரர் மெல்லக் குனிந்தார். "எழுதுட்டீ. ரெண்டு தடவ சம்மன் வந்துச்சு. முருகன் பொண்டாட்டின்னு இங்கன யாரும் இல்லைன்னு நாந்தான் திருப்பி அனுப்புனேன். உனக்கே தெரியாது பாத்துக்கோ." ஏதோ எல்லையில் காவல் காத்த பெருமை அவர் முகத்தில்.

அவளுக்குச் சுருக்கென்றது. எத்தனையோ கேஸை வாபஸ் வாங்கினார்களே, இதுவும் அதோடு போயிருக்கும் என்று இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

"சார், மத்த நாப்பது பேரும் கோர்ட்டுக்கு வாராகளா?"

"வாய்தா தவறாம வாராங்கக்கா. நாலு பேரு செத்துட்டாங்க."

வள்ளித்தாய் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

"பேரு எழுதுனதுதான் தப்பு, சார். ஆளு நாந்தான். எங்க வீட்டுக்காரர் பேரு வேல்ராஜ். தெளிவா எழுதிக்கோங்க. வேல்ராஜ்."

முப்பது வருஷக் குடித்தனத்தில் முதல் தடவை. தன் பெயர் மனைவி வாயிலிருந்து வந்ததும் ஹவில்தார் விறைப்பாக எழுந்து நின்றுவிட்டார்.

"யோசிச்சுச் சொல்லுங்கக்கா. கோர்ட்டுல அனுமதி வாங்காம பாஸ்போர்ட் வராது. மாசக்கணக்கா ஆகும். பேறுகாலம்ங்கீங்க."

"தெரியும், சார். இதையும் சேத்து எழுதுங்க. கல்ல எடுக்கல, யாரையும் அடிக்கல. கேள்வி கேட்டு உக்காந்தேன். இன்னும் பதில் வரல."

அதெல்லாம் வேண்டாம் என்றார் பேச்சிமுத்து. எழுதினால்தான் கையெழுத்து என்றாள் அவள். எழுதினார்.

அன்று சாயங்காலம் போனில் உமாராணி அழுதாள். "ஒரு கையெழுத்துதானம்மா? எனக்குப் பயமா இருக்கும்மா."

வள்ளித்தாய்க்கும் அழுகை பொங்கியது. "ஏட்டி, உன்னப் பெத்தது நான் இல்லைன்னு எழுதிக் கேட்டா கொடுப்பனா? அங்கன உக்காந்தவளும் நாந்தாம்ட்டி." மகள் போனை வைத்துவிட்டாள். அப்புறம் ஒரு வாரம் பேசவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு வள்ளித்தாய் வள்ளியூர் கோர்ட்டுக்குப் போனாள். வேல்ராஜ் கூடவே வந்து, ஜாமீன் தாள்களைச் சுமந்தார். வராந்தாவில் நரைத்த தலைகள். மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்ட பெண்ணுக்கு இப்போது பல் பாதி இல்லை. "எங்கட்டி போயிருந்த இத்தன வருஷமா?" என்று வள்ளித்தாயின் முதுகில் ஓர் அறை விட்டாள். சம்மன் கதையைக் கேட்டு எல்லோரும் வேல்ராஜைப் பார்த்துச் சிரித்தார்கள். மனுஷன் வேப்பமரத்தடிக்கு நகர்ந்துவிட்டார்.

அதற்கடுத்த வாய்தாவின்போதுதான் போன் அடித்தது. திரையில் மருமகன். அவன் கையில் துணி சுற்றிய சின்ன முகம். பின்னால் கட்டிலில் உமாராணி, சோர்ந்து சிரித்தபடி. "எம்மா, பொம்பளப்பிள்ள," என்றாள்.

வள்ளித்தாய் திரையைத் தடவினாள். அந்தத் தலையைத் தாங்க வேண்டிய கை தன்னுடையது என்று நினைத்ததும் நெஞ்சு வெடித்து அழுதாள். போன் கைமாறி கைமாறிப் போனது. முப்பத்தாறு பெண்களும் பார்த்தார்கள். மீன்காரப் பெண் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குலவை போட்டாள். அவளோடு அத்தனை பேரும் சேர, கோர்ட்டு வராந்தா அதிர்ந்தது.

உள்ளேயிருந்து காவலர் ஓடிவந்தார். "ஏம்மா, இது கோர்ட்டும்மா! என்ன சத்தம் இது?"

வள்ளித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பேத்தி பொறந்திருக்கா, சார். இதுக்கும் ஒரு செக்சன் இருந்தா எழுதிக்கோங்க. வள்ளித்தாய், வீட்டுக்காரர் வேல்ராஜ்."