பத்தாவது இடத்துப் பாட்டு

நனைந்த சாக்கின் வாடை எங்கே அடித்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மழையல்ல, ஒரு பாட்டுப் பட்டியல். எழுபதுகளில் இடுக்கி மலையின் ஒரு தேயிலைத் தோட்டத்தில், எங்கள் டிவிஷன் கிளப்பின் சுண்ணாம்புச் சுவரில் பத்து ஆணிகளில் பத்துச் சாக்குப் பைகள் தொங்கும். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் தடித்த சாக்குக்குப் "படங்கு" என்று பெயர். கிழிந்துபோன படங்கு ஒன்றை வெட்டி, உள்ளங்கை அளவில் அந்தப் பத்துப் பைகளையும் தைத்துக் கொடுத்தவள் என் அம்மா பேச்சியம்மாள். ஒவ்வொரு பையும் ஒரு பாட்டு.

கிளப்பில் ஒரு ரெக்கார்டு பிளேயரும் கூரைமேல் ஒரு குழாய் ஸ்பீக்கரும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பாட்டு தொடங்கும். எந்தப் பாட்டை எத்தனை தடவை போடுவது என்பதில் தொழிலாளர் வீட்டு வரிசைகளான மேல்லயத்துக்கும் கீழ்லயத்துக்கும் ஓயாத சண்டை. அதைத் தீர்க்கத்தான் தங்கையா மாமா இந்த ஏற்பாட்டைச் செய்தார். அவர் வாரநாட்களில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பையும் பார்த்துக்கொள்பவர். பழைய விதை மரங்களுக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் தேயிலைக் கொட்டை ஆளுக்கு ஒன்று. பிடித்த பாட்டின் பையில் போட வேண்டும். முதலிடம் பிடித்த பாட்டு மூன்று தடவை ஒலிக்கும். அடுத்த நான்கும் இரண்டு தடவை, மற்றவை ஒரு தடவை. மாதக் கடைசியில் பத்தாவது இடத்தில் நிற்கும் ரெக்கார்டு லாரியேறி அடுத்த டிவிஷனுக்குப் போய்விடும். பதிலுக்கு அவர்களுடைய பத்தாவது இங்கே வரும்.

கொட்டைகளை எண்ணியிருக்கலாமே என்று இன்றைக்குக் கேட்பார்கள். தோட்டத்தில் எதையும் எண்ணிப் பழக்கமில்லை. கொழுந்தை யாராவது எண்ணுவார்களா? ஆகவே விதை நிறுக்கும் சின்னத் தராசைக் கொண்டுவந்து, ஒரு தட்டில் ஒரு பையும் மறு தட்டில் இன்னொன்றும் வைப்பார் மாமா. தட்டில் எது தாழ்கிறதோ அது பட்டியலில் உயரும். என் கையெழுத்து உருண்டையாக இருக்கும் என்பதால், பத்து வயதில் எனக்குக் கரும்பலகையில் பட்டியல் எழுதும் வேலை கிடைத்தது. எழுதியதை வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் கோடு போட்டுப் படியெடுத்துவைப்பேன்.

அந்த நோட்டில் விசித்திரங்களுக்குக் குறைவில்லை. இரண்டாம் இடத்திலேயே ஏறக்குறைய ஒரு வருடம் நின்று, ஒரு வாரம்கூட முதலிடத்தைத் தொடாத பாட்டு ஒன்று. கீறல் விழுந்து ஒரே சொல்லில் சிக்கி நின்றதாலேயே சிரிப்புக்காகக் கொட்டை வாங்கி முதலிடம் வந்து, புது ரெக்கார்டு வாங்கியதும் எட்டாம் இடத்துக்கு விழுந்த பாட்டு ஒன்று. ஊர்க் கோயில் கொடை விழாவுக்காகப் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம் போயிருந்த வாரத்தில், போட்டதாக ஒருவரும் ஒப்புக்கொள்ளாமலே உச்சிக்கு வந்த மலையாளப் பாட்டு ஒன்று. ஆனால் இவை எல்லாவற்றையும் விழுங்கிவிட்ட விசித்திரம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

உறை கிழிந்து, எந்தப் படம், பாடியது யார் என்றே தெரியாத ஒரு ரெக்கார்டு. பட்டியலில் "புல்லாங்குழல் பாட்டு" என்றுதான் எழுதுவேன். மெதுவான, ஆட முடியாத, கேட்பவரை எதற்கும் தூண்டாத பாட்டு. அது ஒலிக்கும்போது அம்மா உட்காருவாள். இதில் விசித்திரம் என்ன என்று தோன்றலாம். வாரத்தின் ஆறு நாளும் மலைச்சரிவில் நின்றே கொழுந்தெடுத்துவிட்டு, ஏழாம் நாளில் விறகு, துணி, ரேஷன், மாவு என்று நின்றபடியே ஓடும் அம்மா உட்கார்ந்து நான் பார்த்தது அந்தப் பாட்டுக்கு மட்டும்தான். வாசற்படியில் சாய்ந்து காலை நீட்டுவாள். அந்த நேரத்தில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. அப்பாகூடத் தண்ணீரைத் தானே மொண்டுகொள்வார். "பாட்டு முடியட்டும்" என்பது எங்கள் வீட்டில் சட்டம்.

எட்டிலும் ஒன்பதிலும் தள்ளாடிக்கொண்டிருந்த அந்தப் பாட்டு, மழை பிடித்த முதல் வாரத்தில் ஒரே தாவலில் முதலிடத்துக்கு வந்தது. மறுவாரமும் அதுவே. அதற்கடுத்த வாரமும். பட்டியலில் அதுவரை எந்தப் பாட்டும் நான்கு வாரத்துக்குமேல் உச்சியில் இருந்ததில்லை. இது ஒன்பது வாரம் இருந்தது. ஞாயிறுதோறும் அம்மா மூன்று தடவை உட்கார்ந்தாள். அவள் முகம் சற்றுத் தெளிந்ததுகூட எனக்குப் படிந்த நினைவாக இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒன்பதாவது வாரம் மேல்லயத்துச் சொர்ணம் அத்தை கிளப் வாசலில் வைத்தே கேட்டுவிட்டாள்.

"பையத் தச்சவ கை சும்மாவா இருந்திருக்கும்? தையலுக்குள்ள கல்லக் கில்ல வச்சித் தச்சிருப்பா."

"கல்ல வச்சி நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள் அம்மா.

"என்னத்தக் கண்டியா? வாசல்ல மகாராணி கணக்கால்ல உக்காந்திருக்கே! மக எழுதுதா, ஆத்தா தைக்கா. பொறவு வேற எந்தப் பாட்டு மேல வரும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கையா மாமா மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம எல்லாரு முன்னாலயும் பையப் பிரிச்சிப் பாத்துருவோம். அதுவரைக்கும் யாரும் வாயத் தொறக்கப்படாது," என்றார். அம்மா கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். அன்று பாட்டு மூன்று தடவை ஒலித்தது. அவள் ஒரு தடவைகூட உட்காரவில்லை.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு மாலை, அம்மா நிறுவைக் களத்திலிருந்து வந்து அடுப்பங்கரையில் நின்றபடி அப்பாவிடம் புலம்பினாள். மழை நாட்களில் கொழுந்தில் ஒட்டியிருக்கும் நீருக்காக எடையில் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுவார்கள். அதற்குத் "தண்ணிக் கழிவு" என்று பெயர். "ரெண்டு கிலோ கழிச்சிட்டாவ. கொழுந்துல இருந்த தண்ணியவிட என் கம்பளியில இருந்ததுதான் கூட. அதையுமா நான் கொழுந்துன்னு கொடுத்தேன்?" என்றாள்.

நான் அப்போது நோட்டில் வெறுமனே கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. புல்லாங்குழல் பாட்டின் பை தொங்கிய கடைசி ஆணி சுவரின் மூலையில் இருந்தது. அதற்கு மேலே கூரைத் தகடுகள் சேரும் இடத்தில் மழைநீர் கசிந்து சுவரோடு வழியும். மழைக்காலத்தில் அங்கே எல்லாமே ஈரமாக இருக்கும் என்பதால் ஒரு பை கூடுதலாக ஈரமாக இருந்தது யாருக்கும் உறைக்கவில்லை. மழைதோறும் கொழுந்துக்குத் தண்ணீர் கழித்துக் கழித்துப் பழகிய அத்தனை பேரில் ஒருவருக்கும் பாட்டுக்குத் தண்ணீர் கழிக்கத் தோன்றவில்லை.

மூன்று நாள் அதை எனக்குள்ளேயே வைத்திருந்தேன். சொன்னால் அம்மா மேல் விழுந்த பழி போகும், பாட்டும் போகும். சொல்லாவிட்டாலும் பையைப் பிரிக்கத்தான் போகிறார்கள், கல் இருக்காது. ஆனால் வேறு ஏதோ தந்திரம் என்ற பேச்சு தங்கிவிடும். இப்படியெல்லாம் வரிசைப்படுத்தி யோசித்தேன் என்பது உண்மைதான். ஆனால் கடைசியில் என்னைச் சொல்லவைத்தது அம்மாவின் மானமல்ல. பட்டியல் தவறாக இருந்தது, அதை என் கையால் எழுதியிருந்தேன், அது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடியிருக்கையில் சொன்னேன். "மாமா, அந்தப் பைக்கு நீங்க தண்ணி கழிக்கலையே."

மாமா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பையை எடுத்துப் பிழிந்தார். தரையில் நீர் சொட்டியது. யாரோ விசிலடித்தார்கள். "கழிவு நமக்கு மட்டுந்தான்னு நெனச்சேன், பாட்டுக்கும் உண்டா!" என்று ஒரு குரல் வந்தது. அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கொட்டைகளை எண்ணினோம். எண்ணியது நான். மற்றப் பைகளில் முப்பது, நாற்பது என்று இருந்தன. புல்லாங்குழல் பாட்டில் ஏழு.

சொர்ணம் அத்தை அம்மாவின் பக்கம் வந்து, "நீயாச்சும் அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அம்மாவிடமே குறைபட்டுக்கொண்டாள். அது அவள் மன்னிப்புக் கேட்கும் விதம்.

அது மாதத்தின் கடைசி ஞாயிறு. கரும்பலகையில் பத்து என்ற எண்ணுக்கு எதிரே அந்தப் பெயரை எழுதினேன். அம்மா வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"திரும்ப ஒருக்க எண்ணிப் பாத்தியாட்டி?"

"ரெண்டு தடவ எண்ணுனேம்மா."

"அப்பச் சரி."

செவ்வாய்க்கிழமை லாரியில் ரெக்கார்டு போய்விட்டது. அடுத்த ஞாயிறு மூன்று மணிக்குப் பாட்டு தொடங்கியபோது அம்மா சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஏதாவது பாட்டுக்கு உட்காரலாமே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். "அதெல்லாம் அவங்கவங்க பாட்டுல்லா," என்றாள், கையை நிறுத்தாமல்.

பின்னால் தெரிந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த டிவிஷனிலும் அந்தப் பாட்டு பத்தாவதாகத்தான் வந்தது. அங்கிருந்து அதற்கடுத்த டிவிஷனுக்குப் போய், அங்கேயும் பத்தாவதாகி, இன்னொரு தோட்டத்துக்குப் போனது. போன இடமெல்லாம் கடைசியாக வந்ததாலேயே மலை முழுக்கச் சுற்றிய பாட்டு அது ஒன்றுதான். நிஜமாகவே முதலிடம் வந்த பாட்டுகள் எங்கள் கிளப்பைவிட்டு வெளியே போனதே இல்லை.

நான் தொழில்நுட்பப் படிப்பு முடித்து, கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். பஞ்சுக்கும் ஈரம் கழித்துத்தான் எடை எழுதுகிறோம். அம்மா வேலையிலிருந்து நின்றதும் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னோடு வந்துவிட்டாள். கிளப்பில் இப்போது உரமூட்டை அடுக்கியிருக்கிறார்களாம். பைகளும் தராசும் இல்லை, தங்கையா மாமா இல்லை. நோட்டு மட்டும் இருக்கிறது. அந்த ஒன்பது வாரத்துக்கும் நேரே 1 என்பதை அடித்துவிட்டு ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். எண்ணாத வாரங்களின் சரியான இடம் எனக்குத் தெரியாதே.

போன வாரம் அதை அம்மாவிடம் காட்டினேன். எழுத்து தெரியாதவள், ஆனாலும் எண் தெரியும். கொட்டைகளை எண்ணிய நாளின் பக்கத்தில், அந்தப் பாட்டுக்கு நேரே ஏழு என்று இருந்ததன்மேல் விரலை வைத்தாள்.

"இதுல ஒண்ணு என்னுது," என்றாள். "மத்த ஆறு பேரு யாருட்டி?"

தெரியவில்லை என்றேன். ஏழு கொட்டைகளை இரண்டு தடவை எண்ணிய நான், அவை யார் யாருடையவை என்று கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. இன்னும் ஆறு வாசற்படிகளில் யாரெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு என்னிடம் பட்டியல் இல்லை.