வீடுள்ளவர்களின் கூடாரம்

கூடாரத்தில் படுப்பவர்கள் வீடில்லாதவர்கள் என்றுதான் காஞ்சிபுரத்தில் எங்கள் குடும்பம் நம்பியது. பாலாற்றில் வெள்ளம் வந்த வருடம், செவிலிமேட்டுப் பக்கம் குடிசை இழந்தவர்களுக்குத் துணிக்கூடாரம் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அப்பா ஒரு பானை புளிச்சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, அன்று தன் தறியில் உட்காரவேயில்லை. அதே நம்பிக்கை எனக்குள்ளும் இருந்தது என்பது, எழுபதுகளின் தொடக்கத்தில், கணவரின் வேலைக்காக அமெரிக்காவில் குடியேறிய பிறகு, மிச்சிகனின் தேசிய வனம் ஒன்றில், ஏரிக்கரையில் நின்றபோதுதான் தெரிந்தது. கணவர் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கூடாரத்து மூதாட்டி காபி கொண்டுவந்து, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டாள். எங்களுக்கு நகரத்தில் வீடு இருக்கிறது, இவருக்கு வேலையும் இருக்கிறது என்றேன் அவசரமாக. அவள் விழித்தாள். “இங்கே எல்லாருக்கும் வீடு இருக்கிறதே!” என்றாள்.

மூன்றாம் நாள் காலை, கணவர் தாங்கிப் பிடிக்க, ஏரியில் மல்லாந்து மிதந்தேன். குளத்தில் இறங்கினால் மூன்று முழுக்கு, உடனே கரையேற வேண்டும் என்று வளர்ந்தவள் நான். ஒரு காரணமும் இல்லாமல் தண்ணீரில் கிடப்பது அதுதான் முதல் முறை. அந்த நிறைவில் அப்பாவுக்கு ஏரோகிராம் எழுதினேன். கூடாரம், கல்லடுப்புச் சோறு, தரையில் படுக்கை, ஏரியில் குளியல், சுற்றிலும் எங்களைப் போலவே பல குடும்பங்கள். நீலத்தாள் நிரம்பிவிட்டது. எதற்காகப் போனோம் என்பதை மட்டும் எழுதவில்லை.

அண்ணனின் பதில் வந்தது. அப்பா சொல்லச் சொல்ல எழுதியிருந்தான்: “மறைக்காதம்மா. வேலை போச்சுன்னா போவட்டும். மாப்பிள்ளைய வெட்கப்பட வேணாம்னு சொல்லு. இங்க எடம் இருக்குது, வந்துடுங்க.” அதன் கீழே அண்ணன் தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்திருந்தான். நெய்துகொண்டிருந்த சேலையை முடித்த கையோடு, வீட்டிலிருந்த இரண்டு தறிகளில் தன்னுடையதை அப்பா கழற்றிவிட்டாராம். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் குழியை மண்ணால் மூடி, எங்களுக்குப் படுக்க இடம் செய்துவிட்டாராம்.

பதறிப்போய் அன்றே விளக்கி எழுதினேன். எங்கள் வீட்டு வாசலில் நின்று எடுத்த புகைப்படத்தையும் அனுப்பினேன். அப்பா அதை வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தாராம். “யார் வூட்டு வாசல்லயோ நின்னு போட்டோ புடிச்சிக்கினு இருக்குதுங்க, பாவம்” என்றாராம். அதன்பின் நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும், மகள் பெற்றவர்களைத் தேற்றுகிறாள் என்றே எடுத்துக்கொண்டார். நேரில் போய் நின்றால் நம்புவார் என்று விடுமுறைக்குக் காத்திருந்தேன். விடுமுறை கிடைப்பதற்குள் அவர் போய்விட்டார்.

போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. “மழை பேஞ்சா போதும்மா, கொயந்த நனையுதேன்னு எழுந்து உக்காந்துக்குவாரு” என்றாள் அம்மா. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏண்டி, வூடு இருக்கிறவ காட்டுல போயி ஏன் படுக்கணும்?”

“சந்தோஷத்துக்கும்மா.”

“நல்ல சந்தோஷம்டி.”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

கோடைதோறும் ஏரிக்கரைக்கு இன்னும் போகிறோம். அதை விட்டுவிட என்னால் முடியவில்லை. அங்கே மழை பிடித்தால், கூடாரத்துணியில் ஒரு துளியும் ஒழுகாத இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். காஞ்சிபுரத்தில் அண்ணன் மறு தறியில் நெய்கிறான். மூடிய குழியின் மேல் பாவு நூல் வைக்கவோ பாய் விரிக்கவோ அம்மா யாரையும் விடுவதில்லை. அந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள் அவர்கள் இருவர்தான். எனக்கான இடத்தில் ஒருவருமில்லை.