கண்ணாடிக்குள் நின்ற மலை

என் மாமனாருக்குக் கண்ணாடிமேல் ஆசை வந்தது மலைமேல்தான். அப்போது பெரியாற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்குச் சாமான் ஏற்றிப் போன மாட்டு வண்டிகளில் சில அவருடையவை. அங்கே வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கியிருந்த பங்களாவில் கண்ணாடிச் சன்னலைப் பார்த்துவிட்டு வந்தவர், "வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டே மழையையும் பாக்கிறாக, மலையையும் பாக்கிறாக. ஒரு பொட்டுத் தண்ணி உள்ள வரல. நமக்கு மட்டும் என்ன குறைச்சல்?" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாராம். அந்தப் பங்களாவைப் பிரித்து ஏலம் போட்டபோது இரண்டு சன்னல்களைப் பிடித்தார். வைக்கோலில் பொதிந்து, பிள்ளைத்தாச்சியை அழைத்து வருகிற பதனத்தோடு கணவாய் வழியாக இறக்கினார். அப்படியும் ஒன்று வழியிலேயே நொறுங்கிப்போனது. மிஞ்சியதைத் தோட்டத்தைப் பார்த்த மேற்குச் சுவரில் பதித்தார். ஆள் உயரச் சன்னல். உத்தமபாளையத்தைச் சுற்றி எந்தச் சம்சாரி வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது.

அதே வருஷம் ஆவணியில்தான் ஜெயமங்கலத்திலிருந்து நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தேன். புதுப்பெண்ணைப் பார்க்க வருகிறோம் என்று வந்தவர்களில் பாதிப்பேர் சன்னலைப் பார்க்க வந்தவர்கள். என்னை ஒரு பார்வை, அதை ஒன்பது பார்வை. தோட்டத்துக் கிணற்றுக்குத் தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அதன் முன்னால் தலை சீவினார்கள். எனக்கு அந்தச் சன்னலின்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. போதாக்குறைக்கு அதைத் துடைக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவிய கையோடு சாம்பலும் பழைய வேட்டித் துணியும் எடுத்து உள்ளும் வெளியும் தேய்ப்பேன். தேய்த்து முடித்தால் அங்கே கண்ணாடி இருப்பதே தெரியாது.

கார்த்திகையில் ஒரு கொண்டைக்குருவி அதில் மோதி விழுந்து செத்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து ஒரு பச்சைப்புறா. பிறகு கிளி, மறுபடியும் கொண்டைக்குருவி. பெரும்பாலும் வெள்ளிக்கிழமையிலோ அதற்கு மறுநாளிலோ விழுந்தன. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டு வாசல்ல உசுரு போகுதே" என்று என் மாமியார் மார்பில் கை வைத்துக்கொள்வார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தையின் பயத்துக்குக் காரணம் இருந்தது. மூத்த மகளைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர். இளையவள் இப்போது தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவள் படுத்திருந்த அறையின் சன்னல்தான் அது.

கண்ணூறுதான் காரணம் என்று அத்தை முடிவு கட்டினார். வயலில் வைப்பதுபோல் ஒரு சட்டியில் கரி பூசி, சுண்ணாம்புப் புள்ளி வைத்து, கூரைமேல் கவிழ்த்தார். பறவைகள் விழுவது நிற்கவில்லை. வீட்டில் சுத்தம் போதவில்லையோ என்று நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

தை பிறந்தது. வீட்டை ஒட்டிய களத்தில் நெல் அடிப்பு. அந்தச் சமயம் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் நான் வீட்டுக்கு விலக்கானேன். அந்த நாட்களில் மாட்டுக்கொட்டத்தை ஒட்டிய குச்சிலில்தான் இருக்க வேண்டும். எதையும் தொடக் கூடாது. என் வேலையை யாரும் எடுத்துச் செய்யவில்லை. களத்திலிருந்து பறந்த பதரும் தூசியும் சன்னலில் அப்பிக்கொண்டு கிடந்தன. அத்தனை நாளும் ஒரு பறவைகூட விழவில்லை.

தலைக்குக் குளித்து வீட்டுக்குள் வந்தது செவ்வாய்க்கிழமை. வந்ததும் சன்னலைப் பளபளவென்று துடைத்தேன். நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத் தோட்டத்துக்குள் பின்னால் நகர்ந்து போனேன். கண்ணாடிக்குள் மலை நின்றது. நம் மேற்கு மலை அப்படியே, மடிப்பும் மேகமும் மாறாமல். அதன் கீழே எங்கள் புளியமரமும் தென்னைகளும். அறையும் தெரியவில்லை, கட்டிலும் தெரியவில்லை. இத்தனை நாளும் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தே துடைத்திருக்கிறேன், தள்ளி நின்று பார்த்ததே இல்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புளியமரத்தடியிலிருந்து ஒரு பறவை கிளம்பியது. பச்சை முதுகு, குட்டை வால், வயிற்றடியில் குங்குமம் கொட்டியதுபோல் சிவப்பு. எந்தத் தயக்கமும் இல்லாமல் அந்தக் கண்ணாடி மலையை நோக்கி நேராகப் போய் மோதியது. ஓடிப்போய் எடுத்தேன். அதன் நெஞ்சு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. கோழி மூடும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து நிழலில் வைத்தேன். வெகு நேரம் கழித்து, போதை தெளிந்தவன்போல் எழுந்து நின்றது. பஞ்சாரத்தைத் தூக்கினேன். வாழைத் தோப்புக்குள் பறந்து போய்விட்டது. பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷத்தில் கத்தினேன்.

அத்தை வாசலில் நின்றார். அவர் பார்த்தது பறந்து போனதை அல்ல, விழுந்ததை.

"பாத்தியா ஆத்தா? நீ வெளிய இருந்த மட்டும் ஒண்ணும் விழுகல. நீ உள்ள வந்த அன்னைக்கே விழுகுது." அவர் கோபப்படவில்லை. கெஞ்சுவதுபோல் சொன்னார். "எம்மகளுக்கு நல்லபடியா முடியட்டும். அதுவரைக்கும் உங்க அப்பா வீட்டுல போய் இரு."

எங்கள் ஊர் இருக்கிற பெரியகுளம் பக்கம் போகிற வண்டிக்காரர் ஒருவரிடம், என்னை வந்து அழைத்துப் போகும்படி அப்பாவுக்கு அன்றே சொல்லிவிட்டார். காரணத்தோடுதான் சொல்லியனுப்பினார். வந்து ஆறு மாதம் ஆகாத பெண்ணை, விளங்காதவள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், பிறகு எந்த முகத்தோடு அவள் திரும்பி வருவாள்? பிரசவத்தில் ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழி ஆயுசுக்கும் என்மேல்தான். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆத்தா சொன்னா எதுக்காச்சும் இருக்கும்" என்றார். நல்ல மனுஷர், ஆனால் அன்றைக்கு அவர் வாயில் கொழுக்கட்டை.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தூசி மூடிக் கிடந்த நாளில் மலையும் தெரியவில்லை, எதுவும் விழவும் இல்லை. குருவிக்கு மலை தெரிகிறது, அது மலைக்குப் போகிறது, இதில் என் ராசி எங்கே வந்தது? ஆனால் இதை எடுத்துச் சொன்னால் யார் காதில் ஏறும்? பொங்கலுக்கு வெள்ளையடித்து மீந்த சுண்ணாம்பு ஒரு கலயத்தில் இருந்தது. மறுநாள் காலையில் அதைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய், சன்னலின் வெளிப்பக்கம் முழுக்க விரலால் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். கோலத்துக்கு வைப்பதுபோல் நெருக்கமாக, மேலிருந்து கீழ்வரைக்கும்.

"அடிப் பாவி! மாமா பாத்தாகன்னா கொன்னுருவாக" என்று அத்தை ஓடிவந்தார்.

நான் கையை நிறுத்தவில்லை. "சட்டிக்குப் புள்ளி வச்சீக அத்தை. ஊருக் கண்ணு சட்டி மேலயா பட்டுச்சு? வர்றவ போறவ எல்லாம் இதுல தலை சீவிட்டுப் போறா. கண்ணு பட்டது எதுக்கோ அதுக்குத்தான வைக்கணும்?"

அத்தை கூரைமேல் கவிழ்த்திருந்த சட்டியை அண்ணாந்து பார்த்தார். அவர் கணக்குப்படியே நான் சொன்னது சரியாக வந்தது.

மாமா வந்து பார்த்தார். மலையிலிருந்து வைக்கோலில் பொதிந்து இறக்கிய கண்ணாடி, வயலில் வைத்த கரிச்சட்டியாக நிற்கிறது. வீடு இரண்டுபட்டது. கடைசியில் கொஞ்சம் இறங்கிவந்து, "உள்பக்கமாச்சும் வச்சுத் தொலைங்க, வெளிய பாக்க லட்சணமா இருக்கட்டும்" என்றார்.

"கண்ணு வெளியில இருந்துதான மாமா படுது?" என்றேன். உள்ளே வைத்தால் வெளியே மலை தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

மாமா துணியை எடுக்கப் போனார். அதுவரை அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி அறியாத அத்தை, சன்னலுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். "எம்மக பெத்துப் பிழைக்கட்டும். அதுக்கு முன்னாடி இதுல யாரு கை பட்டாலும் நான் மனுஷியா இருக்க மாட்டேன்." மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. எங்கிருந்தாலும் காது சன்னலில் இருந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. ஒரு மதியம் கொண்டைக்குருவி ஒன்று புளியமரத்திலிருந்து நேராகச் சன்னலைப் பார்த்து வந்தது. புள்ளிகளுக்கு ஒரு முழம் இருக்கும்போது சட்டென்று மேலே திரும்பிக் கூரையைத் தாண்டிப் போனது. பக்கத்தில் அத்தை புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு அப்படியே நின்றது. "போயிருச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அன்று சோறு போடும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அந்த வாரத்திலேயே நாத்தனாருக்கு வலி கண்டது. பொழுது சாய்வதற்குள் பெண்குழந்தை, சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நலம் என்று மருத்துவச்சி வந்து சொன்னதும் அத்தை சத்தம் போட்டு அழுதார். மூத்தவளுக்கு அழாமல் வைத்திருந்ததையும் சேர்த்து அன்றைக்கு அழுதார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் வண்டி கட்டிக்கொண்டு அப்பா வந்துவிட்டார். இங்கே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. துண்டை இடுப்பில் கட்டி முற்றத்தில் நின்றார். நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. மகளைத் திருப்பி அனுப்புகிற வீட்டில் அவர் கை நனைக்க மாட்டார். "துணிமணிய எடுத்துக்கிட்டு வாத்தா, போவோம்" என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் நானாகப் பேசுகிற இடமில்லை அது.

அத்தை பச்சைப் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். நேராக என் கையில் பிள்ளையைக் கொடுத்தார்.

"நான் ஒண்ணு சொல்லி விட்டேன் சம்பந்தி, தப்பாப் போச்சு. மனசுல வச்சுக்கிறாதீக" என்றார் பிறகு. "எம்மருமகள அனுப்ப முடியாது. பிள்ளையக் குளிப்பாட்ட, சன்னலப் பாத்துக்கிற, எல்லாத்துக்கும் அவதான் இருக்கா. வெறும் வண்டியா ஓட்டிட்டுப் போக வேணாம், புது நெல்லு ஏத்திவிடச் சொல்றேன். மொதல்ல சாப்பிடுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பிள்ளையோடு தலையசைத்தேன். இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, இலையின் முன்னால் உட்கார்ந்து, கை நனைத்தார்.